வெளியூரில் எங்கே சாப்பிடுவது: கூகுள் மேப்ஸ் முதல் மிஷலின் வரை ஒரு மதிப்பீடு

உணவகம் தேடித் தரும் செயலிகள் எல்லாமே கடைசியில் ஓர் எண்ணைத்தான் நீட்டுகின்றன. ஐந்துக்கு 4.3, ஐந்துக்கு 4.7. எண் ஒன்றுபோல இருந்தாலும் அதைப் போட்டவர்கள் ஒரே கூட்டம் இல்லை. கூகுள் மேப்ஸில் மதிப்பெண் போட்டவர் அதே தெருவில் குடியிருப்பவராக இருக்கலாம், ஒரே ஒரு வேளை வந்துபோன பயணியாகவும் இருக்கலாம். டிரிப்அட்வைசரில் பெரும்பாலும் பயணிகள். ஓப்பன்டேபிளில் முன்பதிவு செய்து, போய் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். மிஷலின் என்ற உணவகக் கையேட்டில் அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள். மதிப்பெண் போட்டது யார் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி உள்ளே நுழைவதுதான் வெளியூர்ச் சாப்பாடு சொதப்புவதற்கு முதல் காரணம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்றாடத் தேடலுக்கு கூகுள் மேப்ஸ் போதும், அது முதலில் காட்டும் திரையோடு நின்றுவிடாமல் இருந்தால். சில நாடுகளில் அது கை கொடுக்காது. அங்கே உள்ளூர்ச் செயலிதான் வழி. மிஷலினில் நட்சத்திரத்தைவிட அதன் இன்னொரு பட்டியல்தான் பயணிக்கு உபயோகம். டிரிப்அட்வைசரைச் சாப்பாட்டின் தரம் அறிய நம்ப வேண்டாம், வேறு ஒன்றிரண்டு விவரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சுகாதாரத் துறையின் மதிப்பெண் பகிரங்கமாகக் கிடைக்கும் ஊர்களில் அதைப் பார்க்காமல் விடுவது தவறு. யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கூகுள் மேப்ஸ்

தேடல் முடிவில் மேலே வருவது ருசியான கடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடிய சொல்லுக்கு எவ்வளவு பொருத்தம், நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் வரிசைப்படுத்துவதாக கூகுளே சொல்கிறது. விளம்பரம் கொடுத்த கடைகள் தனிக் கணக்கு. ஆகவே ஒரு சுற்றுலாத் தலத்தின் வாசலில் நின்று ‘ரெஸ்டாரண்ட்’ என்று தேடினால், வாசலை ஒட்டி, நாள் முழுக்க ஆள் ஏறி இறங்கும் கடைகள்தான் முதலில் வரும். அந்தக் கடைகளுக்கு வாடகை அதிகம். வந்தவர் மறுபடி வரப்போவதும் இல்லை. ஒருவர் முகம் சுளித்துக்கொண்டு போனாலும் அடுத்த பேருந்தில் வேறு ஒரு கூட்டம் வந்து இறங்கும். மோசமாகச் சமைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமே அங்கே கிடையாது.

எனவே முதல் வேலை, வரைபடத்தை நாலைந்து தெரு தள்ளி நகர்த்திவிட்டு, ‘இந்தப் பகுதியில் தேடு’ என்ற பொத்தானைத் தட்டுவது. அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை இருக்கும் பக்கமாக நகர்த்துங்கள். மதியத்தில் அங்கே சாப்பிடுபவர் வாரத்தில் ஐந்து நாள் வருபவர். அவரை ஏமாற்றினால் கடை ஓடாது. இரவுக்குக் குடியிருப்புப் பகுதி. அலுவலகப் பகுதிக் கடைகள் பல சாயங்காலத்தோடும், வார இறுதியிலும் பூட்டிக் கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது தேடும் சொல். ‘நல்ல உணவகம்’ என்று ஆங்கிலத்தில் தேடினால், ஆங்கிலத்தில் ரிவ்யூ வாங்கிய கடைகள்தான் மேலே ஏறும். சாப்பிட நினைக்கும் உணவின் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, உள்ளூர் எழுத்தில் நகல் எடுத்து, அதைத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பட்டியலே மாறிவிடும். உள்ளூர்க்காரர்கள் தங்கள் மொழியில் எழுதிய ரிவ்யூவிலும் மெனுவிலும் அந்தச் சொல் இருக்கும் கடைகள் அப்போதுதான் வெளியே வரும். வேற்று மொழி ரிவ்யூக்களை கூகுள் தானாகவே மொழிபெயர்த்துக் காட்டுவதால் படிப்பதில் சிரமம் இல்லை. ஒரு கடையின் ரிவ்யூக்களில் உள்ளூர் மொழி பாதிக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் கடை யாருக்காக நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்த எண். 4.9 என்று பார்த்ததும் மயங்கிவிடுகிறோம். எத்தனை பேர் போட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எளிய கணக்கு ஒன்று உண்டு. அந்த ஊரில் சாதாரணக் கடையின் சராசரி 4.2 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் 50 பேர் 4.2 போட்டதாகக் கூடுதலாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். 18 பேர் 4.9 போட்ட கடை 4.39க்கு இறங்கிவிடும். 1,200 பேர் 4.5 போட்ட கடை 4.49இல் நிற்கும். இரண்டாவது கடைதான் நம்பத் தகுந்தது. தெருமுனையில் நின்று இதைக் கணக்குப் போட வேண்டியதில்லை. நூறு பேருக்குக் குறைவாக மதிப்பெண் போட்ட இடத்தில் 4.9க்கும் 4.4க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதோடு ஒட்டிய தவறு, 4.5க்கு மேல் மட்டும் காட்டு என்று வடிகட்டுவது. பல வருடமாக நடக்கும், எப்போதும் கூட்டம் இருக்கும் கடைகள் பெரும்பாலும் 4.1 முதல் 4.4க்குள்தான் இருக்கும். உட்கார இடம் கிடைக்கவில்லை, பரிமாறுபவர் சிரிக்கவில்லை, கார் நிறுத்த இடமில்லை என்று ஒரு நட்சத்திரம் போடுபவர்கள் அங்கேதான் அதிகம். வடிகட்டியை 4.0இல் வையுங்கள். மீதியை ரிவ்யூக்களைப் படித்து முடிவு செய்யுங்கள்.

படிப்பதிலும் முறை இருக்கிறது. ரிவ்யூக்கள் முதலில் ‘மிகவும் பொருத்தமானவை’ என்ற வரிசையில் வரும். அதை ‘புதியவை’ என்று மாற்றுங்கள். சமையல்காரர் போயிருக்கலாம், கடை கை மாறியிருக்கலாம். மொத்தச் சராசரி அதைக் காட்ட வருடக்கணக்காகும். கடைசி மூன்று மாதத்து ரிவ்யூக்கள் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். 4.6 என்று போட்டிருக்கும் இடத்தில் அண்மைய பத்தில் நான்கு பேர் ‘முன்பு போல இல்லை’ என்ற தொனியில் எழுதியிருந்தால் அந்த 4.6 பழைய கதை.

பிறகு மூன்று நட்சத்திர ரிவ்யூக்கள். ஐந்து போட்டவர் ‘அருமை, கட்டாயம் போங்கள்’ என்று முடித்துவிடுவார். ஒன்று போட்டவர் பில்லில் நடந்த சண்டையை எழுதுவார். மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து யோசித்து, ‘குழம்பு நன்றாக இருந்தது, வறுவல் எண்ணெயாக இருந்தது, நாற்பது நிமிடம் ஆனது’ என்று பிரித்துச் சொல்பவர். அவருடைய குறை உங்களுக்குக் குறையா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நட்சத்திரப் பட்டைகளின் வடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஐந்தில் நீளமான பட்டை, ஒன்றில் கணிசமான பட்டை, நடுவில் கிட்டத்தட்ட வெறுமை என்றால் இரண்டில் ஒன்று: அந்தச் சமையலறை ஒரு நாள்போல மறுநாள் இருப்பதில்லை, அல்லது ஐந்துகள் காசு கொடுத்து வாங்கப்பட்டவை.

வாங்கியதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரே வாரத்தில் பத்திருபது ஐந்து நட்சத்திரங்கள் குவிந்து, அதற்கு முன்னும் பின்னும் அமைதியாக இருக்கும். எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவருக்கு அந்த ஒரு ரிவ்யூதான் இருக்கும், அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில் பல் மருத்துவர், பூட்டுக்கடை, உணவகம் என்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருப்பார். உணவின் பெயரே வராது. இன்னொரு வகை உண்டு. அது போலி இல்லை, ஆனால் சுத்தமும் இல்லை. ரிவ்யூக்கு ரிவ்யூ பரிமாறியவரின் பெயர் மட்டும் வரும். ஊழியர்களுக்கு இத்தனை ரிவ்யூ வாங்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள், மேசையில் கியூஆர் அட்டை இருக்கிறது, சில இடங்களில் இனிப்பும் இலவசம் என்று அர்த்தம். பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுளின் விதிப்படியே தவறு. விதிகளை மீறியதாக 2024இல் மட்டும் 24 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களை நீக்கியதாக கூகுள் அறிவித்தது. எல்லா வகை இடங்களையும் சேர்த்துச் சொன்ன எண் அது என்றாலும் வியாபாரத்தின் அளவு புரியும்.

படங்களில் உரிமையாளர் போட்டவற்றை ஒதுக்கிவிட்டு, சாப்பிட்டவர்கள் எடுத்தவற்றைத் தேதி பார்த்துப் பாருங்கள். விளக்கு சரியில்லாமல், பாதி தின்ற தட்டைப் படம் பிடித்திருப்பார்களே, அதுதான் நமக்கு வேண்டியது. அளவு எவ்வளவு, எண்ணெய் மிதக்கிறதா, ஒரே உணவு வெவ்வேறு மாதங்களில் ஒரேமாதிரி வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். மெனுவைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் விலைக்கு அதைப் பாருங்கள், ஆனால் படத்தின் தேதியைக் கவனிக்காமல் கடைக்காரரோடு விலைக்குச் சண்டை போடாதீர்கள்.

கூகுள் மேப்ஸில் பலரும் சரியாகப் பயன்படுத்தாத ஒன்று, மணிவாரியாகக் கூட்டத்தைக் காட்டும் பட்டை வரைபடம். இருப்பிடத் தகவலைப் பகிரச் சம்மதித்தவர்களின் போன்களிலிருந்து தொகுத்து வருவது இது. போதிய ஆட்கள் வராத இடத்துக்கு வராது. எப்போது கூட்டம் குறைவு என்று பார்க்கத்தான் இதை வைத்திருக்கிறார்கள். யாருக்கான கடை என்று கண்டுபிடிக்கவும் இது உதவும். அந்த ஊர்ச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மேடு எழும்பி நடுவில் பள்ளம் விழுந்தால் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம். காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மேடாக இருந்து, சுற்றிப் பார்க்கும் இடங்கள் மூடியதும் சரிந்தால், அது வழிப்போக்கர் கடை. ரிவ்யூவைப் பொய்யாக எழுதலாம். இந்தப் பட்டையை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

பெரிய குறை, நேரம். ‘திறந்திருக்கிறது’ என்று பச்சையில் காட்டினால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அடுப்பு பெரும்பாலும் மூடும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே அணைந்துவிடும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே சமையலறையை மூடிவிட்டுக் குடிக்க மட்டும் கொடுக்கும் இடங்கள் பல. பண்டிகை நாள் நேரத்தைக் கடைக்காரர் மாற்றாமல் விட்டிருப்பார். முக்கால் மணி நேரம் பயணம் செய்து போகும் கடை என்றால் ஒரு போன் போட்டு, “கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள். “எத்தனை மணி வரை திறந்திருக்கும்?” என்று கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும்.

டிரிப்அட்வைசரும் எல்ப்பும்

2000இல் தொடங்கிய டிரிப்அட்வைசர், ஓர் ஊரின் உணவகங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ரிவ்யூக்களின் தரம், எண்ணிக்கை, எவ்வளவு அண்மையில் எழுதப்பட்டவை என்ற மூன்றையும் வைத்து அந்த வரிசை தயாராகிறது. இதில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்பது 2017இல் அம்பலமானது. லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ‘தி ஷெட் அட் டல்விச்’ என்று உணவகமாகப் பதிவு செய்தார். தெரிந்தவர்களை வைத்து ரிவ்யூ எழுதவைத்தார், சவர நுரையை அலங்கரித்து உணவுபோலப் படம் போட்டார், முன்பதிவு கேட்டவர்களுக்கெல்லாம் ‘இடமில்லை’ என்றார். ஒரு தட்டு உணவுகூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை நவம்பர் மாதம் லண்டனிலேயே முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு இத்தாலியில் ஒரு பத்திரிகையும் இல்லாத உணவகத்தை உருவாக்கி, ஒரு சிற்றூரின் முதல் இடத்துக்கு ஏற்றிக் காட்டியது. அதன் பிறகு சோதனைகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். 2022இல் மட்டும் சுமார் 13 லட்சம் போலி ரிவ்யூக்களைப் பிடித்ததாகச் சொன்னார்கள்.

போலி ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான ரிவ்யூக்களிலும் சிக்கல் இருக்கிறது. எழுதுபவர் அந்த ஊர் உணவை அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிடுகிறார். ஒப்பிட அவரிடம் வேறொன்று இல்லை. அதனால் தட்டில் இருந்ததைவிட, புரியும் மொழியில் பேசினார்களா, ஜன்னல் வழியே என்ன தெரிந்தது, மெனுவில் படம் இருந்ததா என்பதற்கே மதிப்பெண் போகிறது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். குழந்தைகளோடு போகிறீர்கள், சக்கர நாற்காலி உள்ளே போகுமா, கார்டு வாங்குவார்களா, பெரிய குழுவுக்கு மேசை சேர்த்துப் போடுவார்களா என்று தெரிய வேண்டுமானால் பயணிகள் எழுதியதுதான் சரியான இடம். ருசிக்கு வேண்டாம்.

எல்ப் என்ற ரிவ்யூத் தளம் 2004இல் தொடங்கியது. அமெரிக்காவில் இன்னும் பலமாக இருக்கிறது, வெளியே பல இடங்களில் ஆளரவம் இல்லை. இதன் நல்ல அம்சம், சந்தேகமான ரிவ்யூக்களைத் தனியே ஒதுக்கி, சராசரியில் சேர்க்காமல், ஆனால் கீழே போனால் படிக்கும்படி வைத்திருப்பது. ஒரு கடைக்கு ஒதுக்கப்பட்டவை குவியலாக இருந்தால் அதுவே ஒரு தகவல்.

கடைக்காரர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதற்கு எல்ப்பை வைத்தே நடந்த ஆய்வுகள் விடை சொல்கின்றன. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். கிளைகள் வைத்து நடத்தும் பெரிய பெயர்களுக்குப் பாதிப்பு இல்லை, ஏனென்றால் அவற்றின் சாப்பாடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். எல்ப் அப்போது சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது: 3.24 என்றால் 3, 3.26 என்றால் 3.5. சமையலில் வித்தியாசமே இல்லாத இரண்டு கடைகள். கூடுதலாக அரை நட்சத்திரம் கிடைத்த கடையில் மாலை நேர மேசைகள் முழுவதும் நிரம்பிவிடுவது 19 சதவீதப் புள்ளி கூடியது என்று சான் பிரான்சிஸ்கோவை வைத்து ஆண்டர்சன், மக்ரூடர் என்ற பொருளியலாளர்கள் 2012இல் காட்டினார்கள். திரையில் 4.4க்கும் 4.5க்கும் நடுவே நாம் போடும் கோடும் இப்படிப்பட்டதுதான்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், ரிவ்யூ எழுதியவர் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று சரிபார்க்கிறோமா இல்லையா என்பதைத் தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் போலி ரிவ்யூ விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 

நாட்டுக்கு நாடு வேறு செயலி, வேறு அளவுகோல்

சீனாவில் கூகுள் வேலை செய்யாது, அங்கே டியான்பிங். தென்கொரியாவில் துல்லியமான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொடுக்க அரசு நெடுங்காலம் மறுத்து வந்ததால் கூகுள் மேப்ஸ் நடைவழி காட்டுவதில் தடுமாறும். உள்ளூர்க்காரர்கள் நேவர் மேப்பையும் காக்காவ் மேப்பையும்தான் திறக்கிறார்கள். ஜப்பானில் தபெலாக். இந்த மூன்று நாடுகளுக்கும் கிளம்புவதற்கு முன்பே செயலியை இறக்கி, கணக்குத் திறந்து வைத்துவிடுவது உத்தமம். சில வசதிகள் உள்ளூர்த் தொலைபேசி எண் கேட்கும்.

தபெலாக்கை முதன்முறை திறப்பவர் பயந்துவிடுவார். நல்ல கடை என்று கேள்விப்பட்டது 3.4 என்று காட்டும். அங்கே அளவுகோலே வேறு. எல்லா ரிவ்யூவுக்கும் ஒரே எடை கிடையாது. நிறையச் சாப்பிட்டு, நிறைய எழுதிப் பழகியவரின் மதிப்பெண் சராசரியை அதிகம் இழுக்கும். 3.5ஐத் தாண்டிய கடை சில சதவீதம்தான். 4 என்பது அபூர்வம். 3.2 போட்டிருந்தாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஒரு நாட்டில் பழகிய எண்ணை அடுத்த நாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போய் இறங்கியதும் அக்கம்பக்கத்தில் பத்துக் கடையைத் தட்டிப் பார்த்து, அந்த ஊரில் ‘சாதாரணம்’ எத்தனை என்று தெரிந்துகொண்ட பிறகே எண்ணைப் பேச விடுங்கள்.

மிஷலின்

டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடு இது. நட்சத்திரம் 1926இல் வந்தது, மூன்று படி முறை 1931இல். ஒன்று என்றால் நின்று சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்: பொருளின் தரம், சமைக்கும் நேர்த்தி, சுவைகளின் இசைவு, சமையல்காரரின் தனித்தன்மை, எப்போது போனாலும் ஒரே தரம். மேசை விரிப்புக்கும் உபசரிப்புக்கும் அதில் பங்கில்லை. ஆய்வாளர் அடையாளம் காட்டிக்கொள்ளாமல் வந்து, பில்லைத் தானே கட்டிவிட்டுப் போகிறார்.

நட்சத்திர உணவகத்துக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும். பயணத்தில் பசித்தபோது அது உதவாது. உதவுவது 1997இல் தொடங்கிய ‘பிப் கூர்மான்’ பட்டியல். அளவான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கு உரியது அது. மிஷலின் செயலி இலவசம், வரைபடத்தில் பிப் கூர்மானை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நட்சத்திரமோ பிப்போ இல்லாமல் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவை’ என்று இன்னொரு வகையும் உண்டு. வாசலில் சிவப்புத் தகடு மாட்டியிருக்கிறார்கள் என்றதும் நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்வோர் அதிகம். தகட்டில் எந்த வகை, எந்த வருடம் என்று இரண்டையும் படியுங்கள். பழைய தகட்டைக் கழற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

குறை, அதன் எல்லை. மிஷலின் போகாத நாடுகளும் ஊர்களும் ஏராளம். போகும் சில இடங்களில் சுற்றுலாத் துறையே செலவைப் பகிர்ந்துகொண்டு வரவழைத்திருக்கிறது; தாய்லாந்து, கலிபோர்னியா இரண்டும் அப்படி. எந்தக் கடைக்கு என்ன கொடுப்பது என்பதில் தலையீடு இல்லை என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் எந்த ஊர் வரைபடத்தில் வரும் என்பதில் பணத்துக்குப் பங்கு உண்டு. அதனால் ‘இந்த ஊரில் மிஷலினே இல்லை’ என்பதை அந்த ஊர்ச் சமையலைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

ஓப்பன்டேபிளில் முன்பதிவு செய்து சாப்பிட்டவர் மட்டுமே எழுத முடியும் என்பதால் போலி குறைவு. ஆனால் முன்பதிவு எடுக்காத சின்னக் கடைகள் அதில் இருக்கவே இருக்காது. உணவு வீட்டுக்கு வரவழைக்கும் செயலிகளின் மதிப்பெண், பொட்டலம் சூடாக வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வது. கடையில் உட்கார்ந்து சாப்பிட அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறு வீடியோக்கள் எந்த ஊரில் என்ன உணவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பரவாயில்லை. கடையைத் தேர்ந்தெடுக்க லாயக்கில்லை, ஏனென்றால் முதல் கடியிலேயே கண்ணை மூடித் தலையாட்டாத வீடியோ இன்னும் வரவில்லை. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி மூடிப்போன கடையையும், சில நேரம் இல்லாத கடையையும்கூடத் தயங்காமல் சொல்லும். பெயரை வாங்கிக்கொண்டு, கடைசி ரிவ்யூ எந்த மாதம் என்று வரைபடத்தில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆளைக் கேட்பது இன்னும் நல்ல வழிதான், கேள்வி சரியாக இருந்தால். “இங்கே நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்டால், வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் இடத்தைச் சொல்வார். தங்கும் விடுதி வரவேற்பாளரும் வண்டி ஓட்டுநரும் தரகு கிடைக்கும் இடத்தைச் சொல்லவும் வாய்ப்புண்டு. “நேற்று மத்தியானம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். மருந்துக்கடைக்காரர், முடிதிருத்துபவர், காய்கறி விற்பவர் ஆகியோருக்கு உங்களை எங்கேயும் அனுப்பி ஆதாயம் இல்லை.

சுகாதார மதிப்பெண்

ருசியைப் பற்றி இது எதுவும் சொல்லாது. வயிற்றைக் காப்பாற்றும். நியூயார்க்கில் 2010 முதல் ஒவ்வோர் உணவகமும் வாசலில் எழுத்து ஒட்ட வேண்டும். தவறுகளுக்குப் புள்ளி, 13 வரை ‘ஏ’, 14 முதல் 27 வரை ‘பி’, அதற்கு மேல் ‘சி’. பிரிட்டனில் 0 முதல் 5 வரை மதிப்பெண். ஸ்காட்லாந்தில் மட்டும் தேர்ச்சி, முன்னேற்றம் தேவை என்று வேறு முறை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வாசலில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. இங்கிலாந்தில் ஸ்டிக்கர் இல்லாத வாசலைக் கண்டால் உணவுத் தர முகமையின் இணையதளத்தில் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். 5 வாங்கியவர் அதை ஒட்டாமல் இருப்பது அபூர்வம். டென்மார்க்கில் 2001 முதல் சிரிக்கும் முகம், சுளிக்கும் முகம். ஆய்வு நடந்த அன்றைய நிலையைத்தான் எந்த முறையும் சொல்கிறது, அதனால் தேதி முக்கியம். 4க்கும் 5க்கும் நடுவே அலட்டிக்கொள்ள வேண்டாம். 0, 1 என்றால் கூகுளில் 4.8 இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம்?

முந்தின இரவு பத்து நிமிடம். மறுநாள் போகும் பக்கத்தில் இரண்டு கடை, தங்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் இரவு தாமதமாகவும் சமைக்கும் ஒரு கடை என்று மூன்றைக் குறித்து வரைபடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவையுங்கள். பசி தலைக்கேறிய பிறகு, நாலு பேர் நாலு திசையில் கை காட்டும்போது தேடினால் கண்ணில் படும் முதல் கடைதான் முடிவு. குழுவாகப் போனால் தேர்ந்தெடுப்பது ஒருவர் பொறுப்பு, வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொல்வது மற்றவர் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வளராது.

ஒவ்வாமை உள்ளவரோ, குறிப்பிட்ட உணவைத் தவிர்ப்பவரோ இருந்தால் இந்த வரிசை மாறும். சைவம், வீகன் உணவுக்கு 1999 முதல் நடக்கும் ஹேப்பிகவ் என்ற தளம் நல்ல தொடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எதில் இருக்கின்றன என்று உணவகங்கள் சொல்லியே ஆக வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம். மற்ற இடங்களில் உள்ளூர் மொழியில் எழுதிய சிறு அட்டையைச் சமையலறைக்கு அனுப்புவது, வாயால் சொல்வதைவிடப் பத்திரம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் எழுதாமல், எலும்புச் சாறு, மீன் சாறு, விலங்குக் கொழுப்பு என்று பெயர் பெயராக எழுதுங்கள். சூப்பிலும் சாஸிலும்தான் அவை ஒளிந்திருக்கும்.

வாசலில் போய் நின்ற பிறகும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடித்து அழைக்கிறார், ஆறு மொழியில் பிளாஸ்டிக் உறை போட்ட மெனு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு நாட்டுச் சமையல் என்றால் திரும்பிவிடலாம். சின்னச் சமையலறையில் நூற்றைம்பது உணவு என்றால் பெரும்பகுதி உறைபெட்டியிலிருந்து வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருப்பது கெட்ட அறிகுறி. ஊர்க்காரர்கள் சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே நீங்கள் போயிருந்தால் அதில் அர்த்தமில்லை. விலை போடாமல் ‘எடைக்கு ஏற்ப’ என்று எழுதியிருந்தால், சமைக்கும் முன்பே எடை போட்டு மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். மேசைக் கட்டணம், சேவைக் கட்டணம் மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு மட்டும் முதலில் சொல்லிப் பாருங்கள். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் அதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, குறித்துவைத்த இரண்டாவது கடைக்கு நடந்துவிடலாம்.